'ரோமன் ஹாலிடே' மீட்டெடுத்த டிஸ்க்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

1953-இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தை பாரமவுண்ட் நிறுவனம் மீட்டெடுத்து 2020 செப்டம்பரில் டிவிடியைவிடத் தெளிவான ப்ளூரே டிஸ்காகவும், படத்தின் 70-ஆம் ஆண்டையொட்டி 2023-இல் அதைவிடவும் கூர்மையான 4கே டிஸ்காகவும் வெளியிட்டது. பழைய படங்களின் டிஸ்க் வாங்கிச் சேர்க்கிறவன் என்பதால் இதைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்வியைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு பற்றியும் ஓரிடத்தில் பேச்சு வரும், பார்க்காதவர்கள் கவனம்.

படமே பாத்ததில்ல. என்ன கதை?

ஆன் என்ற இளவரசி ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் ரோமுக்கு வருகிறாள். ஓயாத விருந்து, வரவேற்பு, கைகுலுக்கல் எல்லாம் சலித்துப்போய் ஒரு ராத்திரி தூதரகத்திலிருந்து நழுவிவிடுகிறாள். தூக்க ஊசியின் மயக்கத்தில் தெருவில் கிடப்பவளை ஜோ என்ற அமெரிக்கப் பத்திரிகையாளன் பார்க்கிறான். யாரென்று தெரியாமல்தான் உதவுகிறான், தெரிந்த பிறகு செய்தியாக்கிக் காசு பார்க்க நினைக்கிறான். அவள் தன்னை யாரென்று சொல்வதில்லை, இவனும் தன் வேலையைச் சொல்வதில்லை. இரண்டு பொய்களும் ஒரு வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறி ஒருநாள் முழுக்க ரோமைச் சுற்றுவதுதான் படம்.

இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன், பத்திரிகையாளன் கிரெகரி பெக், அவனுடைய புகைப்படக்கார நண்பன் எடி ஆல்பர்ட், இயக்கம் வில்லியம் வைலர். ஹெப்பர்ன் அதற்கு முன் சின்னச் சின்ன வேடங்களில் வந்திருந்தாலும் அமெரிக்கப் படத்தில் நாயகியானது இதில்தான், அதற்கே சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது.

ரெஸ்டோர் பண்ணாங்கன்னா என்ன அர்த்தம்? கம்ப்யூட்டர்ல போட்டு பளிச்னு ஆக்கிட்டாங்களா?

கம்ப்யூட்டர் வேலை பிற்பாதிதான். முதல் வேலை எந்தப் பிரதியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வது. ஃபிலிம் காலத்தில் கேமராவுக்குள் ஓடியது மூல நெகட்டிவ். அதிலிருந்து மிக நுண்ணிய துகள் கொண்ட ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள், இதற்கு ஃபைன்கிரெயின் என்று பெயர். அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரின்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் கூர்மை போகும், கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் கொஞ்சம் தொலையும். அதனால் எவ்வளவு மேல்படியில் கை வைக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது.

பிறகு ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன். 118 நிமிடப் படம், வினாடிக்கு 24 ஃப்ரேம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1,70,000 ஃப்ரேம்கள். தூசி, கீறல், கிழிசல், ஆட்டம், வெளிச்சம் படபடப்பது எல்லாவற்றையும் இவற்றில் தேடிச் சரிசெய்ய வேண்டும். மென்பொருள் உதவும், ஆனால் அதற்குத் தூசிக்கும் பறக்கிற புறாவுக்கும் வித்தியாசம் தெரியாது, எனவே மனிதக் கண் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் காட்சிக்குக் காட்சி ஒளி அளவைச் சமன் செய்வார்கள். இந்தப் படத்தில் இது லேசான வேலையில்லை. ஃபிரான்ஸ் பிளானர் தொடங்கிய ஒளிப்பதிவை அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் ஆன்ரி அலெகான்தான் தொடர்ந்தார், போதாததற்குப் படத்தில் பாதி ரோமின் வெயிலில் நடக்கிறது.

ஒரிஜினல் நெகட்டிவையே ஸ்கேன் பண்ணாம ஏன் வேற பிரதியப் போய் ஸ்கேன் பண்ணாங்க?

நியாயமான சந்தேகம், மேலே நானே மேல்படி நல்லது என்று சொல்லிவிட்டேன். பாரமவுண்ட் சொன்ன காரணம், மூல நெகட்டிவை வெட்கேட் முறையில் ஓட்ட முடியவில்லை என்பது. அதனால் புதிதாக ஒரு 35 மில்லிமீட்டர் ஃபைன்கிரெயின் பிரதி தயாரித்து, அதை 4கேயில் ஸ்கேன் செய்தார்கள்.

வெட்கேட் என்றால், ஃபிலிம் விளக்குக்கு முன் வரும் இடத்தில் அதை ஒரு திரவத்தில் நனைத்து ஓட்டுவது. கீறல் ஏன் கோடாகத் தெரிகிறது? அந்தப் பள்ளத்தில் ஒளி வளைந்து சிதறுகிறது. ஃபிலிமின் அடித்தளம் ஒளியை எவ்வளவு வளைக்குமோ அதே அளவு வளைக்கும் திரவம் பள்ளத்தை நிரப்பினால், ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது, கோடு மறைந்துவிடும். அடித்தளத்தில் விழுந்த கீறலுக்குத்தான் இந்த வித்தை செல்லும், படம் பதிந்த பக்கம் ஆழமாகச் சுரண்டப்பட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஃபிலிம் சில சமயம் இந்தத் திரவத்தையும் இயந்திரத்தின் இழுப்பையும் தாங்கும் நிலையில் இருக்காது. நலிந்த நெகட்டிவை இழுத்துப் பார்த்துக் கிழித்துக்கொள்வதைவிட ஒரு படி இறங்கி நல்ல பிரதியிலிருந்து எடுப்பது மேல். திரையில் அந்த ஒரு படி இழப்பைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள், என் கண்ணுக்குப் படவில்லை.

இவ்ளோ செலவு பண்ணினவங்க கலரும் பண்ணியிருக்கலாம்ல?

மீட்டெடுப்பது என்றால் இருந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. இதில் கலர் எப்போதும் இருந்ததே இல்லை. ஹாலிவுட்டிலேயே செட் போட்டு எடுக்காமல் ரோமுக்கே போய் எடுக்க வேண்டும் என்று வைலர் பிடிவாதமாக நின்றார். அந்தச் செலவுக்கு ஈடாகத்தான் படம் கறுப்பு வெள்ளை ஆனது. முழுக்க ரோமிலேயே படம்பிடித்து ஒலிப்பதிவு செய்தது என்று டைட்டிலிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஆஸ்கரில் ஆடை வடிவமைப்புக்கு கறுப்பு வெள்ளைக்குத் தனி விருது, கலருக்குத் தனி விருது. எடித் ஹெட் இந்தப் படத்துக்கு வாங்கியது கறுப்பு வெள்ளைக்கான விருது. துணி திரையில் எந்தச் சாம்பலாக விழும், எந்த வெள்ளை எந்த வெள்ளையோடு ஒட்டாமல் பிரிந்து நிற்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. அதன் மேல் நீலமும் சிவப்பும் பூசினால், அவர் தீர்மானித்ததை நாம் ஊகத்தால் அழிக்கிறோம்.

டிவி முழுக்க வரல, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. செட்டிங்க எங்க மாத்தணும்?

மாற்றாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. படம் எடுக்கப்பட்டது 1952 கோடையில், அப்போது வழக்கமாக இருந்த 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில். நம் டிவி 1.78:1. சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் படத்தை அகலமான பெட்டியில் காட்டினால் பக்கத்தில் இடம் மிஞ்சும். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையின் முதல் படம் திரைக்கு வந்தது 1953 செப்டம்பரில், இந்தப் படம் நியூயார்க்கில் ஓட ஆரம்பித்து சில வாரம் கழித்து. நூலிழையில் பழைய உலகத்துக்குள் நின்றுவிட்ட படம்.

ரிமோட்டில் ஜூம் அழுத்தினால் திரை நிரம்பும், ஆனால் உயரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுப்படும். முதலில் போவது தலைமுடி. இந்தப் படத்தில் நாயகி முடி வெட்டிக்கொள்வதே ஒரு முக்கியமான காட்சி! 'இழுத்து நிரப்பு' என்ற தேர்வை அழுத்தினால் ஹெப்பர்ன் பெக்கைவிடப் பருமனாகிவிடுவார், அதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

படம் முழுக்க புள்ளி புள்ளியா கொதிக்குது. இதுக்குப் பேரு ரெஸ்டோரேஷனா?

கிரெயின். அதிகம் வரும் புகார் இதுதான், எனக்கு ரொம்பக் கோபம் வருவதும் இதற்குத்தான். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்களால் ஆனது. அவை ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் விழும், அதனால் படம் ஓடும்போது மெல்ல அசைவது போலத் தோன்றும். அழுக்கு என்பது ஃபிலிமின் மேல் வந்து ஒட்டியது. கிரெயின் படமேதான். அழுக்கைத் துடைக்க வேண்டும், கிரெயினைத் துடைத்தால் படமும் சேர்ந்து போகும்.

டிஜிட்டல் முறையில் அதை மழித்துவிட்ட டிஸ்குகளும் சந்தையில் உண்டு. முகத்தில் தோலின் அமைப்பு போய் மெழுகு பூசிய மாதிரி வழவழப்பாகிவிடும், கம்பளிக் கோட்டு பிளாஸ்டிக் ஆகிவிடும். முதல் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், பத்து நிமிடத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். டிவி கடைகளில் ஓடும் பளபள வீடியோவுக்குப் பழகிய கண்ணுக்கு கிரெயின் உறுத்தலாம். முதலில் டிவியின் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறையுங்கள், அதுதான் துகளைச் சுற்றிக் கோடு போட்டு ஊதிப் பெரிதாக்குகிறது. அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அப்புறமும் கொதித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆரம்பத்துல வர்ற நியூஸ் ரீல் மட்டும் ஏன் அவ்ளோ சுமாரா இருக்கு? நடுநடுவுலயும் சில இடம் திடீர்னு மங்குது.

இரண்டுக்கும் காரணம் வேறு. இளவரசியின் சுற்றுப்பயணத்தைச் சொல்லும் தொடக்கம் பாரமவுண்ட் செய்திப்படம் போல அமைக்கப்பட்டது. அது செய்திப்படம் மாதிரி கரடுமுரடாகத் தெரிய வேண்டும், அதைப் பட்டுப் போல ஆக்கினால் நகைச்சுவையே கெட்டுவிடும்.

நடுவில் மங்குவது பெரும்பாலும் ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சியாக மாறும் இடங்களில் இருக்கும். அக்காலத்தில் அதை ஆப்டிகல் பிரின்டரில் செய்தார்கள். இரண்டு துண்டுகளைப் பிரதி எடுத்து, புதிய ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, அந்தத் துண்டை நெகட்டிவில் ஒட்டிவிடுவார்கள். அதாவது மூல நெகட்டிவிலேயே அந்தச் சில வினாடிகள் ஏற்கெனவே இரண்டு படி கீழே இறங்கியவை. எந்த ஸ்கேனரும் அதை மேலே ஏற்ற முடியாது. காட்சி மாறி முடிந்ததும் படம் சட்டென்று கூர்மையாவதைக் கவனியுங்கள், ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறை கண்ணில் பட்டால் அப்புறம் எல்லாப் பழைய படத்திலும் படும்.

என்கிட்ட இருக்கிற பழைய டிவிடியில 113 நிமிஷம்தான். புதுசுல 118. அஞ்சு நிமிஷம் எதைச் சேர்த்தாங்க?

எதையும் சேர்க்கவில்லை. உங்களிடம் இருப்பது பால் (PAL) என்ற டிவி முறைக்குச் செய்த டிவிடி. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் டிவி வினாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் இயங்கியது. 24 ஃப்ரேம் படத்தை அதில் போட எளிய வழி கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. 118-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 113 வரும். வேகம் கூடியதால் குரலும் ஒரு பிடி உயர்ந்திருக்கும், அதைத் திருத்தாத டிஸ்குகளில் பெக்கின் கனத்த குரல் லேசாகிவிடும். இத்தனை நாள் அதைக் கேட்டுப் பழகியிருந்தால் புதிய டிஸ்க்தான் மெதுவாக ஓடுவது போலத் தோன்றும், ரெண்டு நாளில் சரியாகிவிடும்.

சவுண்ட் நடுவுல இருந்து மட்டும் வருது. சுத்தி வர வேணாமா?

வேண்டாம். படம் மோனோவில், அதாவது ஒரே தட ஒலியில் வெளியானது, மோனோவிலேயே கேளுங்கள். ஒலியை மீட்டெடுப்பது என்றால் இரைச்சல், வெடிப்பு, முணுமுணுப்பை நீக்குவதுதான், வெஸ்பாவை உங்கள் சோபாவுக்குப் பின்னால் ஓடவிடுவது இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு எதுக்கு எச்டிஆர்? ப்ளூரே போதாதா?

எச்டிஆர் என்பது 4கே டிஸ்கில் இருக்கும், ஒளி வீச்சை விரிக்கும் வசதி. அது என்றாலே வண்ணம் என்று எண்ணிக்கொள்வதால் வரும் கேள்வி. அதன் பாதி வேலை வெளிச்சத்தின் படிகளைக் கூட்டுவது. முழுக் கறுப்புக்கும் முழு வெளுப்புக்கும் நடுவே எத்தனை சாம்பல் பிரிகிறது என்பதுதான் இந்த மாதிரிப் படத்தின் உயிர், அதனால் இங்கே அதற்கு நிஜமான வேலை உண்டு. வரவேற்பு விருந்தில் வெள்ளை கவுனும் முத்தும் விளக்கும் தனித்தனியாகத் தெரியும். சாந்தாஞ்சலோ கோட்டைக்குக் கீழே ஆற்றில் நடக்கும் இரவு நடனத்தில் இருட்டுக்குள் ஆட்கள் பிரிந்து தெரிவார்கள்.

அதே சமயம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், 40 அங்குல டிவியை அறையின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்கு ப்ளூரே தாராளம். ப்ளூரே 1920×1080, 4கே டிஸ்க் 3840×2160. பக்கப் பட்டைகளைக் கழித்தால் படத்துக்குக் கிடைக்கும் அகலம் ப்ளூரேயில் சுமார் 1480 புள்ளி, 4கேயில் சுமார் 2960. பெரிய திரை, பக்கத்தில் உட்காரும் பழக்கம், நல்ல கறுப்பு காட்டும் டிவி, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் 4கே வாங்குங்கள். டிவிடியிலிருந்து ப்ளூரேக்குப் போகும் பாய்ச்சல்தான் பெரியது.

வெளிநாட்டு டிஸ்க் நம்ம பிளேயர்ல ஓடுமா?

4கே டிஸ்குக்கு வட்டாரப் பூட்டு கிடையாது, எந்த 4கே பிளேயரிலும் ஓடும். ப்ளூரேயில் ஏ, பி, சி என மூன்று வட்டாரம் உண்டு. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. எல்லா டிஸ்கும் பூட்டோடு வருவதில்லை என்றாலும், பின்னட்டையில் வட்டாரக் குறி என்ன என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொரு விஷயம், சாதாரண ப்ளூரே பிளேயரில் 4கே டிஸ்க் ஓடாது. டிவி 4கே என்பதால் ஓடிவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங்லயே கிடைச்சா டிஸ்க் எதுக்கு?

மேலே கிரெயின் பற்றிச் சொன்னதை இங்கே திரும்ப நினைத்துப் பாருங்கள். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறாத பகுதியைச் சேமித்து இடம் மிச்சம் பிடிக்கும். கிரெயின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு ஏராளமான டேட்டா தேவை. டிஸ்கில் இடம் உண்டு, ஸ்ட்ரீமிங்கில் கிடையாது, எனவே அங்கே முதலில் பலியாவது கிரெயின்தான். இருண்ட காட்சிகளில் துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். படத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்பவருக்கு ஸ்ட்ரீமிங்கே சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன்.

முன்ன பாத்த கேசட்ல கதை வேற ஒருத்தர் பேர்ல இருந்துச்சு. இதுல டால்டன் டிரம்போன்னு போடுறாங்க. யாரு இவரு?

கதையை எழுதியவரே அவர்தான். 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடியபோது பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் டிரம்போவும் ஒருவர். சிறைக்குப் போனார், ஸ்டுடியோக்களின் தடைப்பட்டியலிலும் சேர்ந்தார். அவர் பெயரில் எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் தன் பெயரைக் கொடுத்தார். சிறந்த கதைக்கான ஆஸ்கரும் ஹன்டர் பெயருக்கே போனது. கொஞ்ச காலத்தில் ஹன்டரும் அதே தடைப்பட்டியலில் சிக்கினார் என்பது தனிக் கொடுமை.

டிரம்போ 1976-இல் இறந்தார். 1993-இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி அந்த விருதை அவர் பெயருக்கு மாற்றி மனைவி கிளியோவிடம் கொடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் டிவிடி வந்தபோது டைட்டிலில் கதைக்கு அவர் பெயர் ஏறியது. 2011 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் திரைக்கதையிலும் ஹன்டர், ஜான் டைட்டன் ஆகியோரோடு அவருக்கு உரிய இடத்தைக் கொடுத்தது.

அப்போ கலர் பூசினா தப்பு, டைட்டில்ல பேர மாத்தினா மட்டும் சரியா? இருந்ததைத் திரும்பக் கொண்டுவர்றதுதானே ரெஸ்டோரேஷன்?

கேட்டவர் என் வாயை அடைக்கத்தான் கேட்டார், கேள்வி நல்ல கேள்வி. கறாராகப் பார்த்தால் 1953-இல் திரையில் இருந்தது டிரம்போ பெயர் இல்லாத டைட்டில்தான். இன்று அதை மாற்றியது திருத்தம், மீட்பு இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளை என்பது படத்தை உருவாக்கியவர்கள் ஒத்துக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்த முடிவு. பெயரை மறைத்தது அவர்கள் மேல் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது. முதலாவதை அழித்தால் வேலையைக் கெடுக்கிறோம், இரண்டாவதைத் திருத்தினால் வேலை செய்தவருக்குக் கூலி கொடுக்கிறோம்.

எனக்கு ஒரு ஆசை மட்டும் உண்டு. பழைய டைட்டிலையும் கூடுதல் பகுதியில் தனியாகப் போட்டிருக்கலாம். அந்தப் பெயர் ஒருகாலத்தில் அங்கே இல்லை என்பதும் வரலாறுதானே, திருத்திய பிரதியை மட்டும் பார்த்து வளர்பவருக்கு அது தெரியாமலே போய்விடும். 2020 ப்ளூரேயில் டிரம்போ பற்றிய ஒரு சிறு ஆவணப்படம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

ரொமான்டிக் காமெடின்னு சொல்லி வாங்க வெச்சு கடைசியில அழ வெச்சுட்டீங்களே?

இருவரும் சேரவில்லை என்பதால் அது காதல் நகைச்சுவை இல்லை என்று ஆகிவிடாது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைப்பது எல்லாம் பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பது, அதில்தான் சிரிப்பு பிறக்கிறது. கடைசிப் பத்திரிகையாளர் சந்திப்பில் அதே நிலைமை தலைகீழாகிறது. இப்போது அவர்கள் இருவருக்கும் எல்லாம் தெரியும், புகைப்படக்கார நண்பனைத் தவிர அரங்கத்தில் இருக்கும் மற்ற பத்திரிகையாளர்களுக்குத் தெரியாது. சிரிப்புக்குப் பயன்பட்ட அதே சூட்சுமம் அழவைக்கவும் பயன்படுகிறது, வைலர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

டிஸ்க் நல்லா இருக்கான்னு பாக்க எந்த சீன் போட்டுப் பாக்கணும்?

முதல் விருந்துக் காட்சி. இளவரசி கவுனுக்கு உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடுவாள், துணியின் மடிப்புகளில் சாம்பல் படிகள் தெளிவாகப் பிரிய வேண்டும். அடுத்தது 'உண்மையின் வாய்' கல்முகக் காட்சி. பொய் சொல்பவர் கையைக் கடிக்கும் என்று சொல்லப்படும் அந்தக் கல்லில் பெக் கையை விட்டு, கை போய்விட்டது போல கோட்டின் கைக்குள் மறைத்துக்கொள்வார். ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்த அலறல் நிஜம். கல்லின் சொரசொரப்பும் முகத்தின் தோலும் ஒரே வழவழப்பாகத் தெரிந்தால் உங்கள் டிவி கிரெயினைத் தின்றுகொண்டிருக்கிறது, மேலே சொன்ன செட்டிங்குகளைத் திரும்பப் பாருங்கள்.

பழைய டிவிடிய யாருக்காவது குடுத்துடலாமா?

எந்த டிவிடி என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2002-இல் வந்த பாரமவுண்ட் டிவிடி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்காக இல்லை, அதில் அந்தச் சமயத்தில் நடந்த மீட்டெடுப்பு வேலை பற்றி ஒரு சிறு படம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு 2020 டிஸ்கைப் போட்டால் இடையில் தொழில்நுட்பம் எவ்வளவு மாறியது என்று புரியும். 113 நிமிட டிவிடி என்றால் தாராளமாகக் கொடுத்துவிடலாம், வாங்குபவரிடம் படம் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.